தொட்டிக்குள் வித்தவுட்டில் வந்தது யார்? ரீஃப் தொட்டியில் ஒட்டிவந்த உயிர்களை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ரீஃப் தொட்டியில், அதாவது வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், லைவ் ராக் (உயிர்கள் குடியிருக்கும் கடற்கல்) வாங்கி வைத்த மூன்றாம் நாள் ராத்திரி, தண்ணீர் குடிக்க எழுந்தவர் சும்மா தொட்டியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பாறைப் பொந்திலிருந்து நீளமாக ஏதோ ஒன்று சட்டென்று உள்ளே போய்விடுகிறது. அடுத்த பத்து நிமிஷத்தில் எனக்கு ஒரு படம் வந்துவிடும். முழுக்க நீலம், நடுவில் மங்கலாக ஒரு கோடு, கீழே இரண்டு கேள்விகள்: "இது என்ன? கொன்றுவிடவா?"

முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதைச் செய்து முடித்தவர்கள்தான் அதிகம். நானும் செய்திருக்கிறேன், கீழே சொல்கிறேன். சிங்கப்பூரில் என் அடுக்குமாடி வீட்டில் ஒரு 200 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதில் வந்ததும் நண்பர்கள் வீட்டுத் தொட்டிகளில் பார்த்ததும் சேர்த்து, எந்த வேலையை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன். வரிசையை மாற்றினால் சில தடயங்கள் திரும்பக் கிடைக்காது.

## 1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

புதுக் கல்லோ பவளமோ வீட்டுக்கு வரும் முன்பே இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உயிர் கண்ணில் பட்ட பிறகு தேட ஆரம்பித்தால், நீங்கள் திரும்பி வரும்போது அது பொந்துக்குள் போயிருக்கும்.

வெள்ளை நிற வாளி ஒன்று, வெள்ளைக் கிண்ணங்கள் மூன்று. வெள்ளைதான் முக்கியம்: தொட்டியில் கண்ணுக்கே தெரியாத இரண்டு மில்லிமீட்டர் தட்டைப்புழு வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். சாதாரண டார்ச்சில் சிவப்பு செலஃபேன் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், நீளமான பிளாஸ்டிக் இடுக்கி, ஒரு சாப்ஸ்டிக், டர்க்கி பேஸ்டர் (ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாய்), மூடியுள்ள சின்ன டப்பா, கண்ணாடியில் எழுதும் மார்க்கர் பேனா, ஒரு ஸ்கேல்.

கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். ஜோவாந்திட், பாலிதோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. கையில் சின்ன வெட்டு இருந்தால்கூடப் போதும், அதன் வழியே உள்ளே போய்விடும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

தொட்டியின் அதே உப்பளவில், அதாவது ஒப்படர்த்தி 1.025 பக்கத்தில், ஒரு வாளி உப்புநீர் கலந்து தயாராக வைத்திருங்கள். கலந்த உடனே பயன்படுத்தாமல் ஒரு நாள் சுழலவிட்ட தண்ணீராக இருந்தால் நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போனபோது கடலில் கிடந்த கல்லை எடுத்து வந்து லைவ் ராக் ஆக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. கடினப் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் அந்தத் தீவுகள் தேசியப் பூங்கா. செத்த பவளக்கல் என்று சொல்லியும் தப்ப முடியாது.

## 2. தொட்டிக்குள் விடும் முன் வாளியில் பார்ப்பது

பாதிப் பேர் தாண்டிக் குதிக்கிற படி இது. கடையிலிருந்து வந்ததும் அவசரமாகத் தொட்டியில் வைத்துவிடுகிறார்கள். உயிர் வாளியில் இருக்கும்போது பிடிப்பது ஐந்து நிமிஷ வேலை. தொட்டிக்குள் போய்விட்டால் ஐந்து மாதம்.

பவளத் துண்டு என்றால் மூன்று கிண்ணங்களும் வேண்டும். முதல் கிண்ணத்தில் வெறும் தொட்டித் தண்ணீர். பவளத்தை அதில் வைத்து, பேஸ்டரால் எல்லாப் பக்கமும் பீய்ச்சி அடியுங்கள். கீழே விழுந்ததை எல்லாம் உயிரோடு இருக்கும்போதே பார்த்துப் படமெடுங்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது கிண்ணத்தில் டிப், அதாவது பவளத்தை முக்கி எடுக்கும் மருந்துநீர்; அயோடினோ வேறு எதுவோ, புட்டியில் போட்டிருக்கும் அளவு, நேரப்படி. மூன்றாவது கிண்ணத்தில் அலசல்.

ஏன் டிப்பை முதலில் செய்யக்கூடாது? மருந்தில் செத்த புழு சுருங்கி நிறம் மாறிவிடும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இன்னொரு காரணம், பவளத்துக்குக் காவலாக வந்த நல்ல நண்டும் சேர்ந்து செத்துவிடும். அதை முதல் கிண்ணத்திலேயே தனியே எடுத்து வைக்கலாம்.

பிறகு பவளத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடிப்பக்கம், ஒட்டியிருக்கும் பிளக்கின் (பவளத் துண்டைத் தாங்கும் சின்ன அடிக்கட்டை) விளிம்பு, செத்த திசுவின் ஓரம் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முட்டைகள் அங்கேதான் இருக்கும், டிப் முட்டையைக் கொல்லாது. "டிப் போட்டுட்டேன், இனி கவலை இல்லை" என்று இருப்பவர்கள் ஒரு மாதம் கழித்து வந்து நிற்பார்கள். முடிந்தால் பழைய பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டுப் புது பிளக்கில் ஒட்டுங்கள், முட்டையில் பாதிக்கு மேல் அதோடு போய்விடும்.

வெறும் கல் என்றால் வேறு முறை. வாளிக்கு மேலே ஒரு கம்பி வலையில் கல்லை அரைமணி நேரம் சொட்டவிடுங்கள். தண்ணீர் வடிய வடிய உள்ளே இருப்பவை ஈரம் தேடிக் கீழே விழும். இன்னும் பிடிவாதமாக இருப்பவற்றுக்கு, ஒப்படர்த்தி 1.035-க்கு மேல் உப்பேற்றிய தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுக்கலாம். கல்லில் பவளமோ நல்ல கடற்பஞ்சோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

வெந்நீர் வேண்டவே வேண்டாம். ஒரு நண்பர் கெட்டிலோடு நின்றபோது கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் கல்லில் பழுப்பு நிறப் பாலிதோவா படர்ந்திருந்தது. அதைக் கொதிக்க வைத்தால் விஷம் ஆவியோடு அறை முழுக்கப் பரவும். இப்படிக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெவ்வேறு நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

## 3. ராத்திரி ரோந்து

தொட்டி விளக்கு அணைந்து ஒரு மணி நேரமாவது கழியட்டும். அறை விளக்கும் இருக்கக்கூடாது. அதன் பிறகு சிவப்பு டார்ச். இந்த உயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெள்ளை டார்ச் அடித்தால் நீங்கள் பார்ப்பது வாலை மட்டும்தான்.

முன்னதாக ஒரு துண்டு இறாலைச் சாப்ஸ்டிக்கில் செருகிப் பாறை ஓரம் வையுங்கள். யார் முதலில் வருகிறார், எப்படிச் சாப்பிடுகிறார் என்பதே பெரிய தடயம். கூட்டமாக வந்து மொய்த்தால் துப்புரவுப் பணியாளர்கள். ஒன்றே ஒன்று வந்து மொத்தத் துண்டையும் பொந்துக்குள் இழுத்துப் போனால், அந்தப் பொந்தைக் கண்ணாடியில் மார்க்கரால் வட்டம் போட்டு வையுங்கள்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் யாரோ நாணயத்தால் தட்டுகிற மாதிரி "டக்" என்று வந்தால் மாண்டிஸ் இறாலாக இருக்கலாம், பிஸ்டல் இறாலாகவும் இருக்கலாம். சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மூன்று நான்கு ராத்திரி தொடர்ந்து பாருங்கள். ஒரு ராத்திரி பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று விடுவதில் அர்த்தமில்லை, புது இடத்துக்கு வந்த உயிர் சில நாள் வெளியே தலைகாட்டாது.

## 4. படம் எடுப்பது

நீல விளக்கில் எடுத்த படத்தை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. வெள்ளை விளக்கை ஏற்றுங்கள், அல்லது லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் பிடியுங்கள். பம்புகளை ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள் (திரும்பப் போட மறந்துவிடாமல் அலாரம் வைத்துக்கொண்டு, இதை அனுபவத்தில் சொல்கிறேன்). கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டி நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் கண்ணாடியின் தடிமனில் உருவம் இழுபடும்.

ஒரு படம் தூரத்திலிருந்து, எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு. ஒரு படம் கிட்டத்தில். ஒரு படம் ஸ்கேலோடு. நகர்கிற உயிர் என்றால் படத்தை விடுங்கள், அரை நிமிஷ வீடியோ எடுங்கள். ஆம்பிபாடா ஐசோபாடா (இரண்டும் இறாலின் பொடி உறவுகள், கீழே வரும்) என்று நிலைப்படத்தில் மண்டையைப் பிய்த்துக்கொள்வதை நடையைப் பார்த்து இரண்டே விநாடியில் சொல்லிவிடலாம்.

## 5. பெயர் தேடும் முன் நான்கு கேள்விகள்

நேராக இணையத்தில் போய் "பழுப்பு நிறப் புழு" என்று தேடினால் உலகத்திலேயே பயங்கரமான புழுவின் படம்தான் முதலில் வரும். மனசு அதிலேயே நின்றுவிடும். அதனால் தேடும் முன் இந்த நான்குக்கும் பதில் எழுதி வையுங்கள்.

ஒன்று, ஒட்டியிருக்கிறதா, நகர்கிறதா? கண்ணாடியில் வட்டம் போட்டு மறுநாள் பாருங்கள். சில கடல் சாமந்திகள் ராத்திரியில் மெதுவாக இடம் மாறும்.

இரண்டு, சாப்ஸ்டிக்கால் லேசாகத் தொட்டால் என்ன செய்கிறது? மின்னல் மாதிரி குழாய்க்குள் போகிறதா, நிதானமாகச் சுருங்குகிறதா, உருண்டு கொள்கிறதா, ஓடுகிறதா?

மூன்று, உடம்பு கணுக்கணுவாக இருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா? காலா, முடியா, ஓடா, எது இருக்கிறது?

நான்கு, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? பந்தியில் எந்த இலை முன் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் சைவமா அசைவமா என்று தெரிந்துவிடுமே, அது போலத்தான். ஒரே ஒரு பவளத்தின் மேல் மட்டுமே மறுபடி மறுபடி பார்க்கிற உயிர் அந்தப் பவளத்தைத் தின்னும், இல்லையென்றால் அதைக் காக்கும். கண்ணாடியில் எங்கு பார்த்தாலும் இருப்பது பெரும்பாலும் பாசியைத்தான் மேய்கிறது.

## 6. ஒட்டிக்கொண்டு இருப்பவை

அதிகம் வருவது ஐப்டேசியா. பழுப்பு கலந்த கண்ணாடி மாதிரியான சின்னக் கடல் சாமந்தி. நுனி மெலிந்து போகும் நீள இழைகள், தொட்டால் நொடியில் ஓட்டைக்குள் போய்விடும். இதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி மஜானோ: இழைகள் குட்டை, நுனியில் குமிழ், பச்சை நிறம் கலந்து பார்க்க அழகாகவே இருக்கும். அந்த அழகுக்காகவே விட்டுவைத்து ஆறு மாதம் கழித்துப் பாறை முழுக்க மஜானோவோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் முதல் தவறு ஐப்டேசியாவில்தான். ஒன்றே ஒன்று இருந்தது, இடுக்கியால் பிய்த்துப் போட்டேன். பாதத்தின் துணுக்குகள் கல்லிலேயே தங்கிவிட்டன, ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழுச் சாமந்தியாக வளரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மாதத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒன்பது எண்ணினேன்.

இதோடு குழப்பிக்கொள்கிற உயிர், விசிறிப் புழு. அதன் இழைகள் ஒவ்வொன்றும் பறவை இறகு மாதிரி பக்கக் கிளைகளோடு இருக்கும், உடம்பு ஒரு குழாய்க்குள் இருக்கும். அது தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிற சாது. இழையில் கிளை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்காமல் கொல்லப் போகாதீர்கள்.

பம்பிலும் கண்ணாடியிலும் வெள்ளை வெள்ளையாக ஒரு மில்லிமீட்டர் ஜிலேபிச் சுருள்கள் தெரிந்தால் அவை ஸ்பைரோர்பிட் புழுக்கள், தீங்கில்லை. சுருளாக ஆரம்பித்துக் கல்லிலிருந்து நீட்டி நிற்கும் கெட்டியான குழாய், வாயில் நூலாம்படை மாதிரி ஒரு வலையை வீசினால் அது வெர்மெடிட் நத்தை. அந்தச் சளி வலை பவளத்தின் மேல் விழுந்து விழுந்து அதை விரிய விடாது. எது என்று சந்தேகம் இருந்தால் உணவு தூளைப் பேஸ்டரால் தூவிவிட்டுக் காத்திருங்கள், வலை வருகிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரியும்.

சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருட்டு மூலையில் அரை அங்குல வெள்ளை அன்னாசிப் பழங்கள் மாதிரி, தலையில் ஒரு மயிர்க் கொத்தோடு இருப்பவை கடற்பஞ்சு. விட்டுவிடுங்கள். இரண்டு வாய் திறந்திருந்து தொட்டால் மூடிக்கொள்கிற பை மாதிரி ஒன்று இருந்தால் அது கடற்பீச்சி, அதுவும் சாது. கல்லோடு கல்லாகச் செக்கச்செவேலென்று சொரசொரப்பான புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஃபோராம் என்கிற ஒரு செல் உயிரின் ஓடு, சுரண்ட வேண்டாம்.

ஹைட்ராய்டுகள்தான் ஏமாற்றும். மெல்லிய காம்புகள், நுனியில் சில இழைகள், கல்லின் மேல் ஓடும் ஒரு வேர்க்கொடியால் எல்லாம் இணைந்திருக்கும். பார்க்கப் பூஞ்சை மாதிரி, பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். கொடி இருக்கிறதா என்பதுதான் அடையாளம்.

## 7. புழுக்கள்

பத்தில் ஒன்பது பேர் பயந்து அனுப்புவது பிரிசில் புழு. இளஞ்சிவப்போ பழுப்போ கலந்த கணுக்கணுவான உடம்பு, இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளை முடிக் கற்றை. மிச்சம் மீதி, செத்த மீன், அழுகியது எல்லாவற்றையும் தின்னும். செத்த நத்தையின் மேல் இதைப் பார்த்துவிட்டு இதுதான் கொன்றது என்று முடிவு கட்டுவார்கள். சாவு வீட்டில் கூட்டம் கூடியிருப்பதைப் பார்த்து அவர்கள்தான் கொலைகாரர்கள் என்று சொல்வதற்குச் சமம். திடீரென்று எண்ணிக்கை கூடினால் உங்கள் கைதான் தாராளம், தீனியைக் குறையுங்கள்.

ஆனால் தொடக்கூடாது. கம்பளிப்பூச்சி ஏறினால் என்ன ஆகுமோ அதேதான், முடி உடைந்து தோலில் தங்கிவிடும். பட்டுவிட்டால் தேய்க்காமல் செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுங்கள்.

இதே குடும்பத்தில் பவளத்தைத் தின்கிற ஃபயர் புழு உண்டு. தலைக்கு மேல் மடிப்பு மடிப்பாக ஒரு கொண்டை, முடிக் கற்றைக்குப் பக்கத்தில் சிவப்புச் செவுள் குஞ்சம். கரீபியன் கடல் பக்கத்துப் பாறைகளில் வருவது இது. கொண்டையைக் கண்டால் மட்டும் வெளியே எடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது யூனிசிட் புழு. வெளிச்சம் பட்டால் வானவில் மாதிரி மினுக்கும் உடம்பு, தலையில் ஐந்து உணர்கொம்புகள். ஐந்தை எண்ணாமல் முடிவுக்கு வராதீர்கள். இதில் சின்ன வகைகள் பல, பெரும்பாலும் ஒதுங்கி வாழ்பவை. பாபிட் புழு என்று பேர்பெற்ற பெரியது வேறு கதை: ஜப்பானில் 2009-இல் ஒரு மிதவையில் கிடைத்ததன் நீளம் 299 சென்டிமீட்டர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் நியூகீயில் உள்ள ஒரு பொது மீன்காட்சியகத்தில் பவளங்கள் காரணம் தெரியாமல் பாதி பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தன. பொறி வைத்துப் பார்த்தும் சிக்கவில்லை, பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் நாலடிப் புழு வெளியே வந்தது.

யூனிசிட்டை இழுத்து அறுக்காதீர்கள். அறுந்தால் உங்களுக்குக் கிடைப்பது வால், தாடையுள்ள பாதி உள்ளேயே இருக்கும். அது இருக்கும் கல்லை முழுசாக வெளியே எடுக்க வேண்டும்.

மணல் மேல் இடியாப்ப இழை மாதிரி நீண்டு கிடந்து, தொட்டால் சுருங்குகிறதா? ஸ்பாகெட்டி புழு. மணலைச் சுத்தம் செய்கிறது, அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

## 8. நண்டும் இறாலும்

நண்டு என்றால் முதலில் கொடுக்கின் நுனியைப் பாருங்கள், முடியைப் பார்க்காதீர்கள். நுனி கரண்டி மாதிரி குழிந்து இருந்தால் பாசி சுரண்டுகிற இனம். எமரால்டு நண்டு இதில் சேர்ந்தது, அதற்கும் காலில் முடி உண்டு. நுனி கூராக, கறுப்பாக இருந்து உடம்பு முழுக்க ரோமம் மண்டியிருந்தால் கொரில்லா நண்டு என்று சொல்லப்படுபவை, வளர வளரப் பவளத்திலும் தூங்குகிற மீனிலும் கை வைக்கும்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு விசிறிகளால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தால் போர்சலின் நண்டு. சாது.

என் இரண்டாவது தவறு இங்கே. ஒரு போசிலோபோரா பவளம் வாங்கினேன். கிளைகளுக்கு நடுவே ஒரு பொத்தான் அளவு நண்டு, வழுவழு உடம்பு, கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பெரிசு. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இடுக்கியால் நோண்டி எடுத்துக் கழிவறையில் போட்டேன், பெரிய வேலை முடித்த திருப்தியோடு. அது டிராபீசியா. போசிலோபோராவிலும் அதன் நெருங்கிய உறவுப் பவளங்களிலும் குடியிருக்கும், பவளத்தின் சளியைச் சாப்பிட்டுக்கொண்டு, மேலே விழும் மண்ணைத் தள்ளி, பவளம் தின்ன வரும் முள்கிரீட நட்சத்திர மீனைக்கூடக் கடித்து விரட்டுகிற இனம். அக்ரோபோரா பவளத்தில் இதே வேலையை டெட்ராலியா நண்டு செய்கிறது. பசிபிக் பெருங்கடலின் மூரியா தீவில் இந்த நண்டுகளை எடுத்துவிட்டுப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. நண்டில்லாத பவளங்கள் மண் படிந்து வாடின, பல செத்தும் போயின. என் பவளம் சாகவில்லை. ஆனால் அதன் கிளைகளுக்கு நடுவில் தங்குகிற குப்பையை இன்றுவரை நான்தான் பேஸ்டரால் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

சத்தம் கேட்டதா? பிஸ்டல் இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிசு, பெரும்பாலும் தொந்தரவில்லை, கோபி மீனோடு சேர்ந்து வாழ்பவையும் உண்டு. மாண்டிஸ் இறாலுக்குக் கண்கள் காம்பின் மேல் இருந்து ஒவ்வொன்றும் தனித்தனியே சுழலும், முன்கைகள் கும்பிடுகிற மாதிரி மடிந்திருக்கும். பொந்து வாசலில் உடைந்த நத்தை ஓடுகள் குவிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மயில் மாண்டிஸின் குத்து நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் வேகம். விரலை விடாதீர்கள்.

## 9. நத்தைகள், ஓடில்லா நத்தைகள், நட்சத்திரங்கள்

ஓட்டின் வாயில் குழாய் நீட்டுவதற்கான வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் மாமிசம் தேடுகிற நத்தை. முழு வட்டமாக இருந்தால் பாசி மேய்வதாக இருக்க வாய்ப்பு அதிகம். நசாரியஸ் இதற்கு விலக்கு: குழாய் உண்டு, ஆனால் செத்ததை மட்டும் தின்கிற நல்ல பிள்ளை.

காது மடல் மாதிரி தட்டையான ஓடு, அதற்குள் அடங்காத உடம்பு, ராத்திரியில் நத்தைக்குப் பொருந்தாத வேகம்: ஸ்டோமடெல்லா. எட்டுத் தகடு போர்த்திக் கல்லோடு ஒட்டியது கைட்டன். இரண்டும் நல்லவை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தட்டைச் சுருள் ஓடு ஜோவாந்திட் பக்கத்தில் இருந்தால் சன்டயல் நத்தை, ஜோவாந்திட்டைத் தின்னும். அரிசி மணியளவு வெள்ளைக் கூம்புகள் உங்கள் டர்போ நத்தையின் ஓட்டு விளிம்பிலோ, பெரிய மட்டியின் ஓரத்திலோ வரிசையாக இருந்தால் பிரமிடெல்லிட். ஒட்டுண்ணி, பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

கூம்பு வடிவ ஓடு, நீளமான குறுகிய வாய் என்றால் கூம்பு நத்தையாக இருக்கலாம். இதைக் கையால் எடுக்கவே கூடாது. விஷ ஈட்டி வைத்திருக்கிறது, ஜியோகிராஃபஸ் என்ற வகை மனிதரைக் கொன்றிருக்கிறது.

ஓடில்லாத வண்ண நத்தை, அதாவது நூடிபிராங்க், எவ்வளவு அழகோ அவ்வளவு நாக்கு ருசி பார்க்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை மட்டுமே தின்னும். ஜோவாந்திட்டைத் தின்பது அந்த ஜோவாந்திட்டின் நிறத்திலேயே இருக்கும். மாண்டிபோரா பவளத்தைத் தின்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெள்ளைப் பொடிசு, அடிப்பக்கத்தில் முட்டை. பெர்கியா மட்டும் ஐப்டேசியாவைத் தின்னும், அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அஸ்டெரினா பற்றிச் சண்டையே நடக்கும். விரல்நகத்தை விடச் சின்ன, கை நீளம் ஒழுங்கில்லாத நட்சத்திரம், தன்னைத்தானே பிய்த்துப் பெருகும். பெரும்பாலானவை கண்ணாடிப் பாசியை மேய்பவை, சில மட்டும் ஜோவாந்திட்டில் ஏறும். நான்காவது கேள்வியைத்தான் கேட்க வேண்டும், எதன் மேல்? பொந்துகளிலிருந்து பாம்பு மாதிரி கைகளை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிற குட்டி பிரிட்டில் ஸ்டாரைத் தொடவே வேண்டாம்.

## 10. கண்ணாடியில் ஓடும் புள்ளிகள்

வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளினால் கோபிபாட், மீனுக்குத் தீனி. உடம்பு பக்கவாட்டில் நசுங்கி, முதுகு வளைந்து, ஒருக்களித்து ஓடினால் ஆம்பிபாட், நல்லது. மேலிருந்து தட்டினாற்போல் அகலமாக இருந்தால் ஐசோபாட். அதிலும் தொட்டால் உருண்டுகொள்வது சாது. பெரிய கண்களோடு நேர்கோட்டில் வேகமாக நீந்தி மீனின் மேல் ஒட்டுவது சிரோலனிட், ரத்தம் குடிக்கும்.

துருப்பிடித்த நிறத்தில், வால் பிளந்த தட்டைப்புழுக்கள் மணலிலும் பவளத்திலும் கம்பளம் விரித்தால், மருந்தை நேராக ஊற்றாதீர்கள். கூட்டமாகச் செத்தால் அவற்றின் உடம்பிலிருந்து வரும் நச்சே மீனைக் கொல்லும். முதலில் குழாயால் உறிஞ்சி முடிந்தவரை எண்ணிக்கையைக் குறைத்து, ஆக்டிவேட்டட் கார்பனைத் தயாராக வைத்துக்கொண்டு, பிறகுதான் மருந்து.

அக்ரோபோராவைத் தின்கிற தட்டைப்புழு கண்ணுக்குத் தெரியாது, அது தின்ற தடம்தான் தெரியும்: திசுவில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள். அடியில் பழுப்பு முட்டைத் திட்டு இருந்தால் உறுதி.

## 11. தீர்ப்புக்கு முன் சாட்சி

அடையாளம் கிடைத்ததும் கையில் இடுக்கியை எடுக்கத் தோன்றும். பொறுங்கள். சேதம் உண்மையில் நடக்கிறதா, நடந்தால் எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பவளம் வெளுப்பதற்கு உப்பளவு, காரத்தன்மை, விளக்கு மாற்றம் என்று ஆயிரம் காரணம். தண்ணீரைச் சோதிக்காமல் நண்டின் மேல் பழி போட்டால் நண்டும் போகும், பவளமும் போகும்.

இதற்கு விலக்கு சில உண்டு: மாண்டிஸ், பெரிய யூனிசிட், கூம்பு நத்தை, சிரோலனிட், ஐப்டேசியா, மஜானோ. இவை உறுதியானால் காத்திருக்க வேண்டாம்.

## 12. வெளியே எடுப்பது

ஐப்டேசியாவுக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பசை மாதிரி குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, வாயின் மேல் மெதுவாக ஊற்றி மூடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மட்டும், அதிகம் போட்டால் தொட்டியின் பிஎச் எகிறும். நிறைய இருந்தால் பெப்பர்மின்ட் இறால் நல்ல கூலியாள், சில சமயம் பவளத்தையும் கொறிக்கிற பழக்கத்தோடு.

வெர்மெடிட்டுக்குக் குழாயை உடைத்துவிட்டு ஓட்டையை சூப்பர் குளூ ஜெல்லால் அடையுங்கள். உடைக்க மட்டும் செய்தால் மறுபடி கட்டிக்கொள்ளும்.

நண்டுக்கு ஒரு உயரமான கண்ணாடி டம்ளரைப் பாறை மேல் சாய்த்து வைத்து உள்ளே இறால் துண்டு போடுங்கள். ஏறி உள்ளே விழும், வழுக்குவதால் வெளியே வராது. மாண்டிஸுக்கும் யூனிசிட்டுக்கும் பொந்துள்ள கல்லையே வாளிக்கு எடுத்துப் போய், மேலே பிடித்துக்கொண்டு, பேஸ்டரால் சோடா நீரைப் பொந்துக்குள் செலுத்துங்கள். மூச்சு முட்டி வெளியே வரும். சோடா சாதாச் சோடாவாக இருக்கட்டும், ஒருவர் எலுமிச்சைச் சோடாவை ஊற்றிவிட்டு வந்து கேட்டார். இதைத் தொட்டிக்குள் வைத்துச் செய்யக்கூடாது. கல்லை அலசிவிட்டுத்தான் திரும்ப வைக்க வேண்டும்.

நூடிபிராங்க், தட்டைப்புழுவுக்கு வாரம் ஒருமுறையென நான்கைந்து வாரம் திரும்பத் திரும்ப டிப். முட்டை பொரிந்து வருகிற புதுத் தலைமுறையை அடுத்த முட்டைக்கு முன் பிடிப்பதற்காக.

எடுத்ததைக் கடலிலோ கால்வாயிலோ விடாதீர்கள், அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கொல்ல வேண்டியதை டப்பாவோடு உறைபெட்டியில் வையுங்கள். கொல்ல மனமில்லை என்றால் சம்ப்பில் ஒரு தடுப்புக்குள் விடலாம், பம்புக்குள் போகாமல் வலை கட்டி. என் சம்ப்பில் இரண்டு வருஷமாக ஒரு கொரில்லா நண்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மிஞ்சிய இறால் தலையைப் போடுவேன், மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டதுமே கல்லுக்கு வெளியே வந்து கறுப்புக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.